தாங்கி

கற்களுக்குக் கை செய்து கொடுப்பது என் தொழில்.
பித்தளைக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி
சுண்டுவிரல் போல வளைத்து
நுனியில் ஆட்டுத்தோல் ஒட்டுவேன்.
சரியாக அமைந்துவிட்டால்
நான் ஒருத்தி இருந்ததே தெரியாது.

செவ்வாய்க்கிழமை
சரக்கு மின்தூக்கியில் அவளை இறக்கினார்கள்,
டூகலும் இரண்டு பையன்களும்.
கூடவே ஈரக் கம்பளிச் சட்டை நாற்றம்.
கிளாஸ்கோவில் பதினோராவது நாளாக மழை.

மதுராவின் சிவப்புக் கல்.
இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
யட்சி, இரண்டாம் நூற்றாண்டு என்கிறது சீட்டு.
மேலே ஒரு கிளை, கிளையைப் பற்றிய விரல்கள்,
தோளுக்கும் அந்த விரல்களுக்கும் நடுவே
ஒன்றுமில்லை.
முழங்காலுக்குக் கீழேயும் இல்லை.
முகத்தில் மட்டும் பாதிச் சிரிப்பு,
ஏதோ கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்கிறவள் மாதிரி.
'பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பார்'
என்றான் டூகல்.
அதற்குப் பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தாள்.

முன்பக்கம் ஊருக்கு. பின்பக்கம் எனக்கு.
பஞ்சு மெத்தையில் குப்புறக் கிடத்தி
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
உளி பாதியில் விட்டுப்போன வரிகள்.
யாரோ வெள்ளை மையில் எழுதிய எண்.
இடது இடுப்பில் ஐந்து பள்ளங்கள்,
ஓடம் போல, நடுவில் ஆழ்ந்து
ஓரம் வரவரக் கரைந்து.
கட்டைவிரலை வைத்தேன்,
வழுக்கிக்கொண்டு போனது.

'பிற்காலச் சேதம்' என்கிறது கோப்பு.
இரண்டே சொல்.

எனக்குப் பழக்கமான பள்ளம் இது.
நான் குடியிருக்கும் கட்டடமும் சிவப்புக் கல்தான்,
டம்ஃப்ரீஸ் பக்கம் வெட்டி ரயிலில் வந்தது.
கீழே ஒருகாலத்தில் மீன்கடை,
இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள்.
அந்தச் சன்னல் திட்டின் வலது மூலையில்
ஏழு பள்ளங்கள்,
மெக்கெக்னி என்ற மீன்காரர் கத்தி தீட்டியவை.
மழைநாளில் ஏழிலும் தண்ணீர் நிற்கும்,
குருவி வந்து ஒன்றில் மட்டும் குடிக்கும்.
அதைச் சேதம் என்று எங்கள் தெருவில்
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்படியானால்,
ஏதோ ஒரு வரப்போரம்
இவள் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்த நூற்றாண்டுகளில்,
கோதுமை முற்றிய வாரம்,
ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்து
தண்ணீர் தெளித்து
இந்த இடுப்பில் அரிவாள் தீட்டியிருக்கிறாள்.
அடுத்த வருடமும்.
அவள் மருமகளும்.
கீழே ஒரு சிரிப்பு இருப்பது தெரியுமா அவர்களுக்கு?
தெரிந்துதான் புரட்டாமல் விட்டார்களா?
இதையெல்லாம் கோப்பில் எழுத முடியாது,
சான்று கேட்பார்கள்.

காப்பாளரிடம் போனேன்.
சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைக்கலாமா,
சுற்றி நடந்து பார்க்கட்டுமே?
ரோவினா வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
'பின்னால் சுவர், யூனா.'
சொன்ன விதத்தில் கோபம் இல்லை.
பின்னால் எப்போதும் சுவர்தான்.

பாரம் தாங்க வாகான இடம் அந்த இடுப்புதான்.
இருந்தும் விரல்களை ஒரு சாண் மேலே ஏற்றி அமைத்தேன்,
இரண்டு நாள் கூடுதல் வேலை.
யாரும் பார்க்கப்போவதில்லை.
பள்ளங்களை மூட
எனக்குக் கை வரவில்லை.

பிறகு நிறம். பித்தளையும் கல்லாகத் தெரியவேண்டும்.
மூன்று சிவப்பு கலந்தேன்:
ஒன்று செங்கல், ஒன்று ஈரல்,
ஒன்று நான் படித்த பள்ளிக்கூடத்துச் சீருடை.
எதுவும் அவள் இல்லை.

அன்று மாலை
சமையலறையிலிருந்து மழுங்கிய கத்தியை எடுத்துவந்து
தெருவில், குடையில்லாமல் நின்று
மெக்கெக்னியின் மூன்றாவது பள்ளத்தில் தீட்டினேன்.
கண்ணாடிக்கு உள்ளிருந்து
செல்போன் கடை ஃபைசல் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.
மழையில் குழைந்து
அலகோரம் வழிந்தது சிவப்பு.
அதை ஒரு மாத்திரை டப்பாவில் வழித்துக்கொண்டேன்.

மேல்மாடியில் நிற்கிறாள் இப்போது,
கேட்ட கேள்வியோடு.
அவளைப் பிடித்திருக்கும் விரல்களில்
ஒரு பூச்சளவு எங்கள் தெரு.

கத்தி நன்றாக வெட்டுகிறது.